கேலியைத் தாங்கும் பலம் எங்கிருந்து வருகிறது?

இராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோரப் பள்ளி எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்: பாம்பனோ, தங்கச்சிமடமோ, தேவிபட்டினமோ, வாலிநோக்கமோ. அங்கே சில ஆண்டுகள் பாடம் நடத்திய ஆசிரியருக்கு இந்தப் புதிர் பழக்கமானதாக இருக்கும். ஒரே வகுப்பில் இரண்டு பையன்கள். இருவரின் வீட்டிலும் கடல் தொழில். இருவரையும் ‘கவுச்சி அடிக்குது, தள்ளி உட்காரு’ என்று சீண்டுகிற கும்பலும் ஒன்றே. ஒருவன் அன்று சாயங்காலமே கபடி ஆடப் போய்விடுகிறான். மற்றவனுக்குக் காலையில் வயிற்றுவலி வரத் தொடங்குகிறது. வாரத்தில் ஒரு நாள், பிறகு இரண்டு நாள் வராமல் இருக்கிறான். அரையாண்டுத் தேர்வு முடிவதற்குள் படகுக்குப் போகத் தொடங்கிவிடுகிறான். அடித்த அடி ஒன்றாக இருக்க, பட்ட காயம் ஏன் வேறாக இருக்கிறது? ஊரில் இதற்கு ஒரு விடை தயாராக உண்டு: முதல் பையன் தைரியசாலி, இரண்டாமவன் பயந்தாங்கொள்ளி. கடந்த நாற்பது ஆண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் இந்த விடை நிற்கவில்லை. முதல் பையனைக் காப்பாற்றிய பலம் பெரும்பாலும் அவனுக்குள் பிறந்ததில்லை. அவனைச் சுற்றியிருந்தவர்கள் அவனுக்குக் கொடுத்தது. இந்தக் கட்டுரையின் வாதம் இதுதான்.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். கூட்டாளிகள் ஒருவரையொருவர் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதும், மாறி மாறிக் கலாய்ப்பதும், அடித்துக்கொண்டு மறுநாளே சேர்ந்து நடப்பதும் பிள்ளைகளின் உலகத்தில் இயல்பு. சுவீடனில் பிறந்து நார்வேயின் பெர்கன் நகரில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஓல்வியஸ், ‘சகமாணவர் துன்புறுத்தல்’ என்று எதைச் சொல்ல வேண்டும் என்பதற்கு மூன்று அடையாளங்களை வகுத்தார். நோகடிக்கும் நோக்கம் இருக்க வேண்டும்; அது திரும்பத் திரும்ப நடக்க வேண்டும்; இரு தரப்புக்கும் பலத்தில் ஏற்றத்தாழ்வு இருக்க வேண்டும். மூன்றாவது அடையாளத்தைக் கவனியுங்கள். பலம் என்றால் கைப்பலம் மட்டும் இல்லை. ஆள்பலம், சாதிப் பலம், பணம், வகுப்பில் இருக்கும் மதிப்பு எல்லாமே பலம்தான். திருப்பிச் சொல்ல முடிந்தால் அது சண்டை. திருப்பிச் சொல்ல முடியாதபடி ஒருவனை நிறுத்திவிட்டால் அது துன்புறுத்தல். அடிப்பது, பிடுங்குவது போலவே, ஆட்டத்தில் சேர்க்காமல் ஒதுக்கி வைப்பதும் வதந்தி பரப்புவதும் இதில் அடங்கும். உலக மாணவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் கடந்த ஒரு மாதத்தில் ஒரு முறையாவது இதற்கு ஆளானதாக யுனெஸ்கோ கணக்கிட்டிருக்கிறது. ‘இந்தியன் பீடியாட்ரிக்ஸ்’ இதழில் 2007இல் வெளியான ஆய்வில் 8 முதல் 12 வயது வரையிலான 500 குழந்தைகளைக் கேட்டபோது 31.4 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். கேலியும் பட்டப்பெயரும்தான் அதில் மிகுதி. துன்புறுத்தப்பட்ட பிள்ளைகளிடம் அந்த மருத்துவர்கள் கண்ட அறிகுறிகளில் சோகமும் தனிமையும் இருந்தன. அடிக்கடி கிழிந்துபோகும் உடுப்பும் இருந்தது. பெற்றோர்களில் பலருக்கு விஷயமே தெரிந்திருக்கவில்லை.

‘இதெல்லாம் பட்டால்தான் பிள்ளை உலகத்தைக் கற்றுக்கொள்ளும், உரம் ஏறும்’ என்று சொல்கிறவர்கள் உண்டு. கடலையும் கரையையும் நம்பி வாழும் ஊர்களில் இந்த எண்ணம் இன்னும் ஆழமானது. உறுதி இல்லாதவன் தொழிலுக்கு ஆகமாட்டான் என்பது அங்கே அனுபவப் பாடம். மரியாதைக்குரிய எண்ணம்தான். ஆனால் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் இதற்கு நேர் எதிராகச் சொல்கின்றன. பிரிட்டனில் 1958இல் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளை வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்து பார்க்கும் திட்டம் ஒன்று இருக்கிறது. அவர்களில் 7,771 பேரின் விவரங்களை 2014இல் அலசியபோது, 7 வயதிலும் 11 வயதிலும் அடிக்கடி துன்புறுத்தப்பட்டவர்கள் 50 வயதிலும் மற்றவர்களைவிட அதிக மனச்சோர்வும் பதற்றமும் கொண்டிருந்தது தெரிந்தது. அமெரிக்காவின் வட கரோலினாவில், பெரும்பாலும் கிராமங்களே கொண்ட மலைப்பகுதியில் 1,420 பிள்ளைகளைத் தொடர்ந்த ஆய்வு 2013இல் இதையே சொன்னது: குடும்ப வறுமையையும் வீட்டுச் சிக்கல்களையும் கழித்துப் பார்த்த பிறகும் பாதிப்பு மிஞ்சியிருந்தது. உரம் ஏறுவது சவாலால். தப்பிக்க வழியில்லாத அவமானத்தால் எவருக்கும் உரம் ஏறியதாக இந்த ஆய்வுகளில் சான்று கிடைக்கவில்லை.

அப்படியென்றால் தாக்குப்பிடிப்பவர்கள் எப்படித் தாக்குப்பிடிக்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு வழி திறந்ததும் ஒரு தீவுதான். ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் காவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் நாற்பது வயது வரை பின்தொடர்ந்தார்கள். கரும்பு, அன்னாசித் தோட்டங்களை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் அதிகம். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு வறுமை, பிரசவச் சிக்கல், குடிப்பழக்கம், குடும்பச் சண்டை என்று பல இடர்கள் சேர்ந்து வந்தன. அப்படி இடருக்குள் பிறந்தவர்களிலும் மூன்றில் ஒருவர் நன்றாகவே வளர்ந்தார். அவர்களிடம் பொதுவாக இருந்தவற்றைத் தேடியபோது தெரிந்தவை: எப்போதும் துணை நின்ற ஒரு பெரியவராவது இருந்தார், அவர் பெற்றோராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை, தாத்தா பாட்டியோ அக்காவோ ஆசிரியரோ கூட இருக்கலாம், மனதார நம்பிய நண்பர் இருந்தார், தான் நன்றாகச் செய்யும் ஒரு காரியம் இருந்தது, தன் முயற்சியால் சில விஷயங்களாவது மாறும் என்ற நம்பிக்கை இருந்தது. இவற்றை ‘காப்புக் காரணிகள்’ என்கிறோம். இவற்றின் விளைவாக மீண்டெழும் தன்மையை ‘மீள்திறன்’ என்கிறோம்.

காப்புக் காரணி எப்படி வேலை செய்கிறது என்பதை மன்னார் வளைகுடாவைக் கொண்டே விளக்கலாம். தூத்துக்குடிக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகளையும் சுற்றிப் பவளத்திட்டுகள் இருக்கின்றன. கடலில் கிளம்பும் அலை அந்தத் திட்டுகளில் மோதி வேகம் இழந்த பிறகே கரையைத் தொடுகிறது. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளப்பாறையை வெட்டி எடுத்த இடங்களில் அலையின் அடியும் மண் அரிப்பும் கூடின. கரையின் மண் எங்கும் அதே மண்தான். பிள்ளையின் மனமும் அந்த மணலைப் போன்றதே. எந்த அலை எவ்வளவு வேகத்தோடு அதை வந்தடைகிறது என்பதை நடுவில் இருப்பவர்கள் தீர்மானிக்கிறார்கள். பவளத்திட்டுக்கு இரண்டு வேலை என்பதையும் பார்க்க வேண்டும்: சில அலைகளை அது கரைக்கு வரவே விடுவதில்லை, வருகிற அலைகளின் அடியைக் குறைக்கிறது. காப்புக் காரணிகளிலும் இந்த இரண்டு வகை உண்டு. சில காரணிகள் துன்புறுத்தல் நடப்பதையே குறைக்கின்றன. சில, நடந்த பிறகு அது மனத்தை அரிக்காமல் பார்த்துக்கொள்கின்றன.

நண்பர் இரண்டையும் செய்கிறார். எப்படித் தெரியும்? எர்னஸ்ட் ஹாட்ஜஸும் வில்லியம் புகோவ்ஸ்கியும் வேறு இருவரும் சேர்ந்து 1999இல் வெளியிட்ட ஆய்வில் கனடாவின் 4, 5ஆம் வகுப்புப் பிள்ளைகள் 393 பேரை ஓராண்டு இடைவெளியில் இரண்டு முறை அளந்தார்கள். ‘உனக்கு நெருங்கிய நண்பர் யார்?’ என்று எல்லோரிடமும் கேட்டு, இருவருமே ஒருவரையொருவர் குறிப்பிட்டிருந்தால் மட்டும் அதை நட்பாகக் கணக்கில் எடுத்தார்கள். ஒருதலை விருப்பத்தைச் சேர்க்கவில்லை. துன்புறுத்தப்பட்ட பிள்ளைகளில் நெருங்கிய நண்பர் இல்லாதவர்களுக்கு அடுத்த ஓராண்டில் பயமும் ஒதுங்கலும் முரட்டுத்தனமும் கூடியிருந்தன. நண்பர் இருந்தவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. இந்த ஒதுங்கலும் பயமுமே மறுபடியும் சீண்டுபவர்களை அழைத்து வரும். அந்தச் சுழலை ஒரு நட்பு அறுத்துவிடுகிறது. 2011இல் மாண்ட்ரியலில் 103 பிள்ளைகளிடம் இன்னும் நுட்பமாக ஒரு சோதனை நடந்தது. நான்கு நாட்கள், ஒவ்வொரு நாளும் பல தடவை, அப்போது என்ன நடந்தது, யார் கூட இருந்தார்கள், தன்னைப் பற்றி என்ன தோன்றுகிறது என்பதைப் பிள்ளைகள் குறித்துவைத்தார்கள். கூடவே உமிழ்நீரும் எடுக்கப்பட்டது. நெருக்கடியில் உடல் சுரக்கும் கார்டிசால் என்னும் ஊக்குநீரை உமிழ்நீரில் அளக்கலாம். கசப்பான சம்பவத்தின்போது தனியாக இருந்த பிள்ளைக்குக் கார்டிசால் ஏறியது, தன்மதிப்பு இறங்கியது. நெருங்கிய நண்பர் பக்கத்தில் இருந்தபோது இந்த ஏற்ற இறக்கம் பெரிதாக இல்லை. நண்பர் ஏதாவது செய்தாரா என்று கேட்கவே இல்லை. கூட இருந்தது போதுமாக இருந்தது.

கூட இருப்பதற்கு இத்தனை சக்தி ஏன்? இங்கேதான் உளவியல் நமக்கு உண்மையில் புதிதாக ஒன்றைச் சொல்கிறது. சீண்டப்பட்ட பிள்ளை அன்றிரவு படுக்கையில் தன்னிடமே ஒரு கேள்வி கேட்கிறது: ‘ஏன் என்னை மட்டும்?’ காயத்தின் ஆழம் அந்தக் கேள்விக்குப் பிள்ளை கண்டுபிடிக்கும் விடையைப் பொறுத்தது. சாண்ட்ரா கிரஹாமும் யானா யுவோனெனும் அமெரிக்காவில் நடுநிலைப் பள்ளி மாணவர்களிடம் 1998இல் இதை ஆராய்ந்தார்கள். ‘நான் இப்படிப்பட்டவன், என்னிடமே ஏதோ கோளாறு, இது மாறாது’ என்று விடை சொல்லிக்கொண்டவர்களுக்குத் தனிமையும் பதற்றமும் மிகுதியாக இருந்தன. ‘தப்பான நேரத்தில் தப்பான இடத்தில் இருந்துவிட்டேன்’, ‘அவர்கள் புத்தி அப்படி’ என்று சொல்லிக்கொள்ள முடிந்தவர்களுக்கு அவ்வளவு இல்லை. முதல் விடைக்குத் ‘தன்னியல்புப் பழி’ என்று பெயர் வைக்கலாம்: நடந்த தவறுக்குத் தன் பிறவிக் குணத்தையே காரணமாக்கிக்கொள்வது. ஒரு நண்பர் பக்கத்தில் இருக்கும்போது இந்த விடை பொய்த்துப்போகிறது. என்னிடமே கோளாறு என்றால் இவன் ஏன் என்னோடு உட்கார்ந்திருக்கிறான் என்ற எதிர்ச்சான்று கண்முன்னே இருக்கிறது.

இந்த விளக்கம் சரியா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. அது சரியென்றால், துன்புறுத்தல் மிகவும் குறைந்த வகுப்பில் மிஞ்சியிருக்கும் ஒரே ஒரு பிள்ளையின் நிலை மற்ற வகுப்புப் பிள்ளைகளைவிட மோசமாக இருக்க வேண்டும். ஏனென்றால் அங்கே ‘எல்லோருக்கும் நடக்கிறதுதானே’ என்று ஆறுதல் கொள்ள வழியில்லை. பழி முழுவதும் தன்மேல்தான் வந்து விழும். பின்லாந்தில் கிறிஸ்டினா சல்மிவல்லியும் அவருடைய சகாக்களும் கண்டது இதைத்தான். பொதுவாகத் துன்புறுத்தல் குறைந்த இடங்களில், தொடர்ந்து துன்புறும் சிலரின் மனநிலை அதிகமாகச் சரிந்திருந்தது. ‘எங்கள் பள்ளியில் இப்போதெல்லாம் ஒன்றிரண்டுதான்’ என்று திருப்திப்படும் தலைமையாசிரியர்கள் அந்த ஒன்றிரண்டு பேரைத் தேடிப் போக வேண்டும் என்பது இதன் பொருள்.

‘ஏன் என்னை மட்டும்?’ என்ற கேள்விக்கான விடையைச் சுற்றியிருப்பவர்கள் மாற்ற முடியும் என்பதற்கு இராமேஸ்வரத்தில் உலகறிந்த எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. 1999இல் வெளிவந்த தன்வரலாற்று நூலான ‘அக்னிச் சிறகுகளில்’ அப்துல் கலாம் அதை எழுதியிருக்கிறார். இராமேஸ்வரம் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, தொப்பி அணிந்த அவர், பூணூல் அணிந்த இராமநாத சாஸ்திரியோடு முன்வரிசையில் உட்காருவார். புதிதாக வந்த ஆசிரியர் ஒருவருக்கு அது பொறுக்கவில்லை. கலாமைக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிட்டார். இது சகமாணவர் செய்ததில்லை, ஆசிரியரே செய்தது. அதனால் அடி இன்னும் பலமானது. அதன் பிறகு நடந்தவற்றை ஆய்வுகளின் வெளிச்சத்தில் பாருங்கள். நண்பன் இராமநாதன் அழுதுவிட்டான். அந்த அழுகை தன் மனத்தில் அழியாமல் பதிந்ததாகக் கலாம் எழுதுகிறார். வீட்டுக்குப் போனதும் இருவரும் சொல்லிவிட்டார்கள். நண்பனின் அப்பா, கோயிலின் தலைமை அர்ச்சகர் பட்சி இலட்சுமண சாஸ்திரி, ஆசிரியரை வரவழைத்துப் பிள்ளைகள் முன்னிலையிலேயே கண்டித்தார்; ஆசிரியரும் மாறினார். ‘ஏன் என்னை?’ என்ற கேள்விக்கு அந்தச் சிறுவனுக்குக் கிடைத்த விடை ஐயத்துக்கு இடமில்லாதது: தவறு உன்னுடையது இல்லை, அவருடையது. அதைச் சொன்னவர் அவனுடைய சொந்த அப்பா இல்லை, பலம் வாய்ந்த தரப்பின் பெரியவர். இந்தக் கடைசி அம்சத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

நண்பருக்கு அடுத்து வீடு. அன்பான வீட்டுப் பிள்ளை நன்றாக இருக்கிறது என்பதில் என்ன புதுமை என்று தோன்றலாம். அங்கே ஒரு சிக்கல் உண்டு: பிள்ளை இயல்பிலேயே இனிமையானதாக இருப்பதால் அம்மா அன்பாக இருக்கிறாளோ, அல்லது இருவருக்கும் பொதுவான மரபணு காரணமோ? இதைப் பிரித்துப் பார்க்க லூசி போஸும் அவருடைய குழுவினரும் 2010இல் இரட்டையர்களை நாடினார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1994, 1995இல் பிறந்த 1,116 இரட்டையர் சோடிகளைப் பின்தொடரும் திட்டத்தில், ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் அம்மாவை ஐந்து நிமிடம் தன்போக்கில் பேசவிட்டுப் பதிவு செய்து, அந்தப் பேச்சின் கனிவை மதிப்பிட்டார்கள். ஒரே மரபணு கொண்ட இரட்டையர் இருவருமே துன்புறுத்தப்பட்டிருந்தபோது, அம்மாவின் கனிவு அதிகம் கிடைத்த பிள்ளைக்கு நடத்தைச் சிக்கல்கள் குறைவாக இருந்தன. மரபணு ஒன்று, வீடு ஒன்று, அடியும் ஒன்று. வேறுபட்டது கனிவு மட்டுமே. உடன்பிறந்தாரின் அன்பும் வீட்டின் கலகலப்பும்கூடக் காப்பாக அமைந்ததை அதே ஆய்வு கண்டது.

கடலோரத்தில் இதன் பொருள் கனமானது. அப்பா கடலில், அல்லது இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்று யாழ்ப்பாணச் சிறையில். கீழக்கரைப் பக்கம் என்றால் வளைகுடா நாட்டில். அம்மா பாசி எடுக்கவோ, கருவாடு காயவைக்கவோ, மீன்கூடையோடு சந்தைக்கோ போயிருக்கிறாள். பிள்ளையிடம் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேச நேரமில்லாத தாயைக் குறை சொல்வது அநியாயம். காவாய் ஆய்வும் இரட்டையர் ஆய்வும் சேர்ந்து தரும் நல்ல செய்தி என்னவென்றால், அந்த ஐந்து நிமிடத்தை அக்கா கொடுக்கலாம், அப்பத்தா கொடுக்கலாம், பக்கத்து வீட்டுச் சித்தி கொடுக்கலாம். ‘இன்னிக்கு யாரோட விளையாண்ட?’ என்ற ஒரு கேள்வியில் அது தொடங்கிவிடும். மதிப்பெண்ணைப் பற்றிய எந்தக் கேள்விக்கும் வராத பதில் இந்தக் கேள்விக்கு வரும்.

‘தன்னம்பிக்கை ஊட்டினால் போதாதா?’ என்று கேட்கலாம். தன்னம்பிக்கை முக்கியம்தான். தன்னைப் பற்றித் தாழ்வாக எண்ணும் பிள்ளை, பின்னாளில் அதிகம் சீண்டப்படுகிறது என்று ஆய்வாளர்கள் எகன், பெரி இருவரும் 1998இல் காட்டினார்கள். ஆனால் அங்கே தீர்மானித்தது பொதுவான தன்னம்பிக்கையைவிட, ‘மற்ற பிள்ளைகள் நடுவில் எனக்கு இடம் இருக்கிறது’ என்ற எண்ணமே. மேடையில் ஒரு மணிநேரம் உற்சாகப் பேச்சு கேட்டு அந்த எண்ணம் வந்துவிடாது. ஒரு காரியத்தில் கை தேர்ந்து, அதை நாலு பேர் பார்த்து மதிக்கும்போது வரும். நீந்தத் தெரிந்த, காற்றின் திசை சொல்லத் தெரிந்த, வலை பின்னத் தெரிந்த பிள்ளைகள் கடலோர வகுப்புகளில் நிறைய இருக்கிறார்கள். அந்தத் திறமைகளுக்கு வகுப்பறையில் இடமே இல்லாததால் அவை காப்பாக மாறாமல் போகின்றன. கவுச்சி என்று கேலி செய்யப்படும் பையனிடம் அறிவியல் ஆசிரியர் நீவாட்டை, அதாவது கடல் நீரோட்டத்தைப் பற்றி எழுந்து சொல்லச் சொன்னால், அது பாடத்துக்கும் நல்லது, அவனுக்கும் நல்லது.

வகுப்பு முழுவதையும் பற்றி ஒரு வார்த்தை. டொராண்டோவில் டெப்ரா பெப்ளரின் குழு பள்ளி விளையாட்டுத் திடல்களைப் படம்பிடித்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், துன்புறுத்தல் சம்பவங்களில் 88 சதவீதத்தில் மற்ற பிள்ளைகள் சுற்றி நின்றார்கள்; குறுக்கிட்டது 19 சதவீதத்தில் மட்டுமே. குறுக்கிட்டபோதோ, பாதிக்கும் மேலான தடவை, 57 சதவீதம், பத்தே விநாடியில் சீண்டல் நின்றது. பின்லாந்தில் நூற்றுக்கணக்கான வகுப்புகளை ஒப்பிட்டதில், பரிந்து பேசுகிறவர்கள் அதிகம் உள்ள வகுப்பில், கூச்ச சுபாவமுள்ள பிள்ளை சீண்டப்படும் வாய்ப்பே குறைந்திருந்தது. கூச்சம் அப்படியே இருந்தது. வகுப்பின் வழக்கம்தான் வேறாக இருந்தது.

‘இது நகரத்துச் சிக்கல், எங்கள் ஊரில் எல்லோரும் சொந்தபந்தம்’ என்ற மறுப்பைப் பல ஊர்களில் கேட்கலாம். சொந்தபந்தம் பெரிய காப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சிற்றூரின் நெருக்கத்துக்கு மறுபக்கமும் உண்டு. நகரத்துப் பிள்ளைக்குப் பள்ளியில் ஒரு கூட்டம், தெருவில் ஒரு கூட்டம், டியூஷனில் இன்னொரு கூட்டம் கிடைக்கும்; ஓரிடத்தில் ஒதுக்கினால் வேறோரிடம் போகலாம். கடலோரச் சிற்றூரில் வகுப்பிலும் தெருவிலும் கரையிலும் அதே முகங்கள்தான். ஒருமுறை ஒட்டிய பட்டப்பெயர் கல்யாண வயது வரை கூடவே வரும். படகுப் பங்கில் வந்த பெரியவர்களின் தகராறு அடுத்த நாளே பெஞ்சில் இறங்கும். இலங்கை அகதிகளுக்கான மண்டபம் முகாமிலிருந்து வரும் பிள்ளைக்கு ‘முகாம்’ என்பதே அடையாளமாகிவிடும். சிற்றூரில் நட்பு ஆழமானது. நட்பு இல்லாமையும் அதே அளவு ஆழமானது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ‘நண்பர், கனிவு, பெரியவரிடம் சொல்வது என்று பேசுகிறீர்கள்; சாதி நடுவில் வந்தால் இதெல்லாம் என்ன ஆகும்?’ திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் 2023 ஆகஸ்டு 9ஆம் தேதி இரவு நடந்தது இந்தக் கேள்வியை யாரும் தட்டிக்கழிக்க முடியாதபடி செய்துவிட்டது. சகமாணவர்களின் சாதித் துன்புறுத்தலால் பள்ளிக்குப் போகாமல் இருந்த பட்டியல் சமூகத்து 12ஆம் வகுப்பு மாணவர், பள்ளி விசாரித்தபோது நடந்ததைச் சொன்னார். சொன்னதற்காகவே வீடு புகுந்து வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். ‘பெரியவரிடம் சொல்’ என்ற அறிவுரை, கேட்டவர்கள் பாதுகாப்புத் தராவிட்டால் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இராமேஸ்வரம் நிகழ்ச்சியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே பலமான தரப்பின் பெரியவர் தவறைத் தவறென்று முகத்துக்கு நேரே சொன்னார். இங்கே பையன் தனியாகச் சொன்னார். காப்புக் காரணிகள் குற்றத்தைத் தடுக்கும் சட்டத்துக்கும் நிர்வாகத்துக்கும் மாற்று ஆகமாட்டா. காயம்பட்ட பிள்ளையின் மீள்திறனைப் பாராட்டிவிட்டு காயப்படுத்தியவர்களை விட்டுவிடுவது, அந்தப் பிள்ளைக்குச் செய்யும் இரண்டாவது கொடுமை.

இத்தனையும் பிள்ளைகளைக் கவனித்து அறிந்தவை. நாமே ஒரு மாற்றத்தைச் செய்தால் பலன் உண்டா என்பதற்கும் சான்று வேண்டும். அது நம் நாட்டிலேயே இருக்கிறது. பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்து விக்ரம் படேல் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ‘சேஹர்’ என்ற திட்டத்தைச் சோதித்தார்கள். 9ஆம் வகுப்பு மாணவர்கள் 13,000 பேருக்கு மேல் அதில் இருந்தார்கள். ஒரு பிரிவில் பட்டம் பெற்ற மனநல நிபுணராக இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஓர் ஆள் பள்ளிக்கென்றே அமர்த்தப்பட்டார். இரண்டாம் பிரிவில் அதே வேலை ஓர் ஆசிரியரிடம் தரப்பட்டது. மூன்றாவது வழக்கம்போல். காலை வழிபாட்டில் பேசுவது, சுவரிதழ், மாணவர் குழு, மனக்குறை எழுதிப் போடும் பெட்டி, தனியாக வந்து பேசுகிறவர்களுக்கு ஆலோசனை, இவைதான் வேலை. 2018இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வெளியானது: தனி ஆள் இருந்த பள்ளிகளில் துன்புறுத்தலும் மனச்சோர்வும் குறைந்தன, பள்ளி தங்களுடையது என்ற உணர்வு உயர்ந்தது. ஆசிரியரிடம் தந்த பள்ளிகளில் மாற்றமே இல்லை. ஆசிரியர்கள் அக்கறையற்றவர்கள் என்று இதைப் படிக்கக் கூடாது. பாடமும் தேர்வும் பதிவேடும் தலைமேல் இருக்கும் ஒருவரால் இன்னொரு முழு வேலையைச் செய்ய முடியவில்லை. மதிப்பெண் போடுகிறவரிடம் பிள்ளை மனம் திறப்பதும் எளிதில்லை.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலும் இதே போன்ற ‘மாணவர் மனசு’ பெட்டி இருக்கிறது. நாளந்தா சொல்வது, பெட்டியைத் திறக்க யார் வருகிறார் என்பதைப் பொறுத்தே பெட்டிக்கு மதிப்பு என்பது. நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், 500 மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளில் நலன் அலுவலர் ஒருவரை அமர்த்தப் பரிந்துரைத்தது. அது மிகச் சரியான பரிந்துரை. கடலோரத்தின் சிறு பள்ளிகளுக்கு, சில பள்ளிகளுக்கு ஒருவர் என்றாவது அதை நீட்டிக்க வேண்டும். அந்த ஆளுக்கு மனநலம் என்ற பலகை வேண்டாம் என்பது என் கருத்து. 2001இல் ஏர்வாடிக் காப்பகத் தீயில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் உயிரிழந்த மாவட்டம் இது. ஏர்வாடி என்ற ஊர்ப் பெயரையே வசவாக்கிச் சீண்டும் பிள்ளைகள் நடுவில், அந்தப் பலகைக்குக் கீழே போய் நிற்க எந்தப் பையனுக்கும் துணிவு வராது.

செலவே இல்லாத ஒரு காரியமும் இருக்கிறது. கடலோரச் சிற்றூர்ப் பிள்ளைகள் ஊரிலேயே ஐந்தாவது அல்லது எட்டாவது வரை படித்துவிட்டு, பிறகு டவுன் பள்ளிக்கு மாறுகிறார்கள். அதுவரை சேர்ந்து வந்தவர்கள் அங்கே ஏ, பி, சி என்று பிரிந்து, தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத செக்‌ஷனில் போய் விழுகிறார்கள். காப்பு மிகவும் தேவைப்படும் நாளில் காப்பைப் பிடுங்கிவிடுகிறோம். ஊர்ப் பிள்ளைகளை ஒன்றாக வைத்தால் சாதிக் கும்பல் உருவாகாதா என்று கேட்பது நியாயம். வகுப்பில் அகரவரிசைப்படி உட்காரவைக்கச் சந்துரு குழு சொன்னதன் நோக்கமும் கும்பலைக் கலைப்பதுதான். பலதரப்புப் பிள்ளைகள் சரிவரக் கலந்திருக்கும் வகுப்பில் பாதுகாப்புணர்வு அதிகம் என்பதையும் கிரஹாம், யுவோனென் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் ஆய்வுகள் கேட்பது ஒரு கூட்டத்தை அல்ல, ஒரே ஒரு நண்பரை. முப்பது பேர் புதியவர்களாக இருக்கட்டும், ஒருவர் பழகியவராக இருக்கட்டும்.

டவுன் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜூன் மாதம் ஆறாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் செக்‌ஷன் பட்டியல் போடுவதற்கு முன், வெளியூரிலிருந்து சேரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் ‘உன் கூட்டாளி யார்?’ என்று கேட்டு ஒரு பெயரை எழுதி வாங்குங்கள். அந்த இரண்டு பெயர்களையும் ஒரே பட்டியலில் போடுங்கள். எந்தப் பெயரும் எழுதாத பிள்ளை யாரென்று பார்த்து, முதல் வாரத்திலேயே அந்தப் பிள்ளையோடு பேசுங்கள். குழந்தைகளுக்கான 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற இரண்டு உதவி எண்களையும் பிள்ளைகள் கண்ணில் படும் இடத்தில் பெரிதாக எழுதிப் போடுங்கள்.